இருபத்தாறு வயல்களும் ஒரு தப்பான பட்டியலும்

போன மாதம் ஒரு நாள் காலையில் வடசேரிச் சந்தையில் வாழைக்காய் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் பழைய அலுவலகத்துச் சாந்தி அழைத்தார். நான் ஓய்வு பெற்ற வருடத்தில் புதிதாகச் சேர்ந்தவர்; கிராமம் கிராமமாகப் போய்ப் பயிர் விளைச்சலைக் கணக்கெடுக்கும் வேலை. தோவாளைப் பக்கம் ஏதோ வயலில் நின்று பேசினார். காற்றுச் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது.

"சார், புதுச் செயலியில விளைச்சலுக்கு ஒரு கட்டந்தான் இருக்கு. ஒரே எண்ணுதான் எடுக்கும். இங்க உள்ள அண்ணாச்சி பன்னெண்டு சாக்குக்கும் பதினஞ்சு சாக்குக்கும் நடுவுல இருக்கும்ங்காவ. நான் எதைப் போட?"

"பதிமூணரைன்னு போட்டிராதீங்க" என்றேன்.

"அதைத்தான் போட்டிருக்கேன்" என்றார்.

சந்தையில் நின்று விளக்கக்கூடிய சங்கதி அல்ல அது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் என் மனைவிக்கு ஒரே சிரிப்பு. இந்த வேலையால் கெட்டுப்போன ஆள் நான் என்பது அவளது நெடுநாள் புகார். எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்டால் ஆறுக்கும் ஏழுக்கும் இடையில் என்பேன். பெண் பார்க்க வந்த வீட்டார் என் மகளின் உயரத்தைக் கேட்டபோதுகூட ஒரே எண்ணைச் சொல்லவில்லை என்று இன்றும் சொல்லிக் காட்டுகிறாள். ஆனால் நான் பிறவியிலேயே இப்படி இல்லை. பாதி வேலைக்காலம் வரை எண்ணை எண்ணாக நம்பிய ஆள்தான். அது எப்படி மாறியது என்பதைத்தான் சாந்திக்காக எழுதுகிறேன்.

கணக்கில் பட்டம் வாங்கி, தேர்வெழுதி, இருபத்து மூன்று வயதில் வேலைக்குச் சேர்ந்தேன். பயிற்சி ஆறு மாதம். அதில் எனக்கு நினைவிருப்பது விடுதிச் சாப்பாடும், சமவாய்ப்பு எண் அட்டவணை என்ற சின்னப் புத்தகமும்தான். பக்கம் பக்கமாக வெறும் எண்கள்; ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் எந்த ஒட்டுறவும் கிடையாது. இதைப் போய் அச்சடித்து விற்கிறார்களே என்று கேலி செய்தேன். முதல் வயலில் இறங்கியதும் என் கேலி அடங்கிவிட்டது.

பயிர் அறுவடைப் பரிசோதனை என்று அதற்குப் பெயர். கிராமத்தில் எந்த வயல் என்பதையும், அந்த வயலில் எந்த இடம் என்பதையும் நாம் தேர்ந்தெடுக்கக் கூடாது, அட்டவணைதான் சொல்லும். வயலின் தென்மேற்கு மூலையில் நிற்க வேண்டும். நீளத்தையும் அகலத்தையும் காலடியால் எண்ண வேண்டும். அட்டவணை தரும் முதல் எண்ணுக்கு வரப்போடு நடந்து, இரண்டாவது எண்ணுக்கு உள்ளே திரும்பி, கால் நின்ற இடத்தில் முளை அடிக்க வேண்டும். அங்கிருந்து ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு. மூலைக்கு மூலை இழுத்தால் ஏழு மீட்டர் ஏழு சென்டிமீட்டர் வர வேண்டும். வராவிட்டால் அது சதுரம் அல்ல, முளையைப் பிடுங்கி மறுபடி அடி. கயிற்றில் நிற்கும் தூருக்கு வேர் எந்தப் பக்கம் என்று குனிந்து பார்க்க வேண்டும். வேர் உள்ளே என்றால் கதிர் வெளியே சாய்ந்திருந்தாலும் நம் கணக்கு. அறுத்து, அடித்து, தூற்றி, நிறுத்து, ஒரு கிலோ நெல்லைத் தனியே பையில் கட்டிக் காய வைத்து, ஈரம் எவ்வளவு போகிறது என்றும் எழுத வேண்டும். ஆரல்வாய்மொழிக் காற்று பாயும் ஊர்களில் தராசுத் தட்டு நிற்காது. நான்கு பேர் கோணிச் சாக்கை விரித்துப் பிடித்து மறைத்துக்கொள்ள, நடுவில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிறுப்பேன்.

வயற்காரர் பக்கத்திலேயே நிற்பார். "சாரே, அந்தால பாரும், அங்கதான் கதிரு கொள்ளாம்" என்று நன்றாக விளைந்த பக்கம் கை காட்டுவார். இன்னொருவர், அறுவடை மோசம் என்று காட்ட வேண்டிய வருடமாக இருந்தால், பதராய்ப் போன மூலைக்கு இழுப்பார். அட்டவணை இருவரையும் கேட்காது. அந்த முளையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். யாருக்கும் வேண்டாத, யாரும் தேர்ந்தெடுக்காத ஒரு சதுரம். அப்படிப்பட்ட சில நூறு சதுரங்களைச் சேர்த்தால் ஒரு மாவட்டத்தின் சோறு எவ்வளவு என்று சொல்லிவிடலாம். இதைக் கண்டுபிடித்த மனிதர் யாரோ, அவரை மனதுக்குள் பலமுறை கும்பிட்டிருக்கிறேன்.

ஸ்டெல்லா மேடம் எங்களுக்கு அதிகாரியாக வந்தபோது எனக்குப் பதினெட்டு வருட அனுபவம் ஆகியிருந்தது. அலுவலகத்தில் கணினி வந்து அதையும் நானே பழகிக்கொண்டேன். மேடத்துக்கு வட்டக்கோட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு கடற்கரை ஊர். அப்பா வள்ளத்தில் கடலுக்குப் போனவர். மேடம் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. மேசையில் ஒரு பென்சிலும் ஒரு சவர பிளேடும் இருக்கும். நாம் கொண்டுபோன படிவத்தை வாங்கிக்கொண்டு முதலில் பென்சிலைச் சீவுவார். சீவி முடிக்கும்வரை நாம் நிற்க வேண்டும். பிறகு படிவத்தை மேலிருந்து கீழாக ஒரு தரம், கீழிருந்து மேலாக ஒரு தரம் பார்ப்பார். சந்தேகம் வந்த எண்ணின் பக்கத்தில் கடுகளவு ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பித் தருவார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. திட்டு வாங்கிய நாட்களை நான் மறந்துவிட்டேன். அந்தக் கேள்விக்குறிகள் ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது.

வயலுக்கு வந்தால் செருப்பை வரப்பில் கழற்றிவிட்டு இறங்குவார். விவசாயியிடம் எவ்வளவு என்று அவர் கேட்டதே இல்லை. "இதுக்குக் கொறையாதுன்னு சொல்லணும்னா எத்தனை சாக்கு? இதைத் தாண்டாதுன்னு சொல்லணும்னா எத்தனை?" என்று இரண்டு கேள்வி கேட்பார். ஒருநாள் ஜீப்பில் வரும்போது ஏன் இப்படி என்று கேட்டேன்.

"எங்க அப்பா கரை சேருமுன்ன, வலையில எவ்வளவு இருக்குன்னு கேட்டா, இருவது கிலோவுக்குக் கொறையாது, முப்பதைத் தாண்டாதும்பாரு. ஒருநாளும் தப்பினதில்ல, முருகேசா. அவருக்குத் தெரிஞ்சதும் அதுல இருக்கு, தெரியாததும் இருக்கு. ஒரே எண்ணா சொன்னா தெரியாதது எங்க போவும்?"

நான் தலையாட்டினேன். மனதுக்குள், மீன் வேறு நெல் வேறு என்று நினைத்துக்கொண்டேன். என் கணினியும் நானும் இருக்கும்போது அந்த இரண்டு கேள்வி எதற்கு என்ற எண்ணம்தான்.

அந்தச் சமயத்தில்தான் அறக்கட்டளை ஒன்றிலிருந்து எங்களைத் தேடி வந்தார்கள். தோவாளை வட்டாரத்தில் அவர்களுக்கு ஒரு வயல்வெளி உண்டு. நீண்டு கிடக்கும் அந்த மாதிரி வயல்வெளியை எங்கள் பக்கம் ஏலா என்போம். இருபத்தாறு பேர் அதில் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, பயிர் செய்தார்கள். யார் நன்றாகச் செய்கிறார்கள், யார் நிலத்தை வீணாக்குகிறார்கள் என்று கணக்கெடுத்துத் தர வேண்டும். கடைசி மூன்று பேரின் பாட்டத்தை நிறுத்தி அந்த நிலத்தை நன்றாகச் செய்பவர்களுக்குக் கொடுக்கப் போகிறோம் என்றார் அறக்கட்டளைச் செயலாளர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்ட மனிதர். கெட்டவர் இல்லை, அவருக்கு வேண்டியது மூன்று பெயர், அவ்வளவுதான்.

மேடம் மேலிடத்தில் அனுமதி வாங்கி வேலையை என்னிடம் கொடுத்தார். ஒருவருடைய விவசாயத் திறமையை எப்படி அளப்பது? விளைச்சலை மட்டும் பார்த்தால் போதாது. எவ்வளவு நிலம், எவ்வளவு விதை, எவ்வளவு உரம், எத்தனை ஆள் வேலை என்று உள்ளே போனதையெல்லாம் ஒரு பக்கம் வைத்து, வெளியே வந்த நெல்லை மறுபக்கம் வைக்க வேண்டும். இருபத்தாறு பேரில் குறைவாகப் போட்டு நிறைய எடுத்தவர் யாரோ அவரே அளவுகோல். மற்றவர்கள் அவருக்கு எவ்வளவு பின்னால் நிற்கிறார்கள் என்று பார்ப்பது. கும்பப்பூ, அதாவது மாசியில் அறுக்கும் போகம், முடிந்த கையோடு படிவத்தோடு போய் வீடு வீடாகக் கேட்டேன். நிலம் எவ்வளவு, விதை எவ்வளவு, உரம் எவ்வளவு, நெல் எத்தனை சாக்கு. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு எண். பத்து நாளில் முடித்தேன்.

நிலத்தின் அளவில் மட்டும் ஒரு சிக்கல் இருந்தது. ஏலா முழுதும் அறக்கட்டளைக்கு ஒரே பட்டா. உள்ளே இருந்த வரப்புகளுக்கு அரசாங்கப் பதிவு கிடையாது. கேட்டால் எல்லோரும் பழைய கணக்கில்தான் சொன்னார்கள். நாலு மரக்கால் விதைப்பாடு, அஞ்சு மரக்கால் விதைப்பாடு. அதாவது நான்கு மரக்கால் நெல் விதைக்கிற அளவு நிலம். எங்கள் அலுவலகத்தில் மரக்கால் விதைப்பாட்டைச் சென்ட்டாக மாற்ற ஒரு வாய்பாடு இருந்தது. எல்லோருக்கும் அதையே போட்டேன். நாஞ்சில் நாட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். வெளியூர்க்காரனாக இருந்திருந்தால் மரக்கால் என்றால் என்ன என்று கேட்டு, சங்கிலியை எடுத்து அளந்திருப்பான். எனக்குத் தெரியும் என்பதாலேயே நான் அளக்கவில்லை.

பட்டியல் கணினியிலிருந்து வந்து விழுந்தபோது எனக்கு அப்படி ஒரு பெருமை. முதலிடம் வைகுண்டமணி. மேட்டு வயற்காரர், வாய் நிறையப் பேசுகிற மனிதர். இருபத்தாறாவது இடம் இசக்கியம்மாள். ஏலாவின் கடைமடையில், சானல் வெள்ளம் கடைசியாக வந்து தேங்கும் பள்ளத்தில் வயல். கணவன் போன பிறகு பன்னிரண்டு வருடமாக நாத்தனாரோடு சேர்ந்து பயிர் செய்பவர். செயலாளர் ஒருநாள் அலுவலகத்துக்கு வந்தபோது மேடம் கூட்டத்துக்குப் போயிருந்தார். பட்டியல் ஆயிற்றா என்று கேட்டார். ஆயிற்று என்று சொல்லி, அச்சடித்த தாளை அவர் கையில் கொடுத்தேன். மேடத்தின் பென்சில் படாத தாள் அது. ஒரு வேலையை முடித்துவிட்டேன் என்று காட்டிக்கொள்ளும் ஆசை, வேறொன்றுமில்லை.

நான்காம் நாள் இசக்கியம்மாள் நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறி வந்துவிட்டார். கையில் ஒரு துணிப்பை. என் மேசைக்கு முன்னால் நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நான் கடைசின்னு பட்டியல் போட்டிருக்கியளாமே."

"அக்கா, அது கணக்கு. நீங்க சொன்னதைத்தான் போட்டேன்."

"நான் சோம்பிக் கெடக்கேன்னு கணக்கு சொல்லுதா?"

பையிலிருந்து ஒரு பிடி நெல்லை எடுத்து என் படிவத்தின் மேல் வைத்தார். "இது எனக்க வயல்ல வெளஞ்சது. இதைப் பாத்துட்டுச் சொல்லும். இந்த வயலு போச்சுன்னா நாங்க ரெண்டு பேரும் வேற எங்க போயி எறங்குவோம்?" அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நெல் நல்ல தெறிப்பான நெல், பதரே இல்லை.

மேடம் உள்ளே கூப்பிட்டார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். பட்டியலை வாங்கினார். பென்சிலைச் சீவினார். மேலிருந்து கீழ், கீழிருந்து மேல். பிறகு எண்களை விட்டுவிட்டு, நிலத்தின் அளவு என்று நான் எழுதியிருந்த தலைப்பின் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

"இதை அளந்தியா?"

"வாய்பாடு போட்டேன், மேடம்."

"தாள் வெளிய போச்சா?"

"போச்சு."

மேடம் எழுந்து என் மேசைக்கு வந்தார். அந்தப் பிடி நெல்லை ஒரு கவரில் போட்டுத் தன் மேசை இழுப்பறையில் வைத்தார். "நாளைக்கு டேப்பை எடு. எல்லா வயலும்" என்றார்.

"அந்த அம்மா வயலை மட்டும் அளந்தா போதாதா?"

"அவளுக்கு மட்டும் அளந்தா அது இரக்கம். இருவத்தாறும் அளந்தாத்தான் கணக்கு."

ஐந்து நாள் அளந்தோம். கோணல் மாணலான வயல்களை முக்கோணம் முக்கோணமாகப் பிரித்து, டேப்பின் ஒரு முனையை மேடம் பிடிக்க, மறுமுனையை நான் பிடித்தேன். வைகுண்டமணியின் மேட்டு வயல், வாய்பாடு சொன்னதைவிட நன்றாகப் பெரியது. கீழே போகப் போக வயல்கள் சிறுத்துக்கொண்டே வந்தன. கடைமடையில் இசக்கியம்மாளின் நான்கு மரக்கால் விதைப்பாடு, வாய்பாட்டின்படி பார்த்தால் மூன்று மரக்காலுக்குக்கூடக் காணவில்லை. நான் மறுபடி அளந்தேன். மூன்றாவது தடவையும் அளந்தேன். அதே அளவுதான்.

வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்த இசக்கியம்மாளின் நாத்தனார்தான் சொன்னார். "பள்ளத்துல வெதை அழுவிப் போவும்லா. அதனால அந்தக் காலத்துல இங்க நெருக்கித்தான் வெதைப்பாவளாம். மேட்டுல பாத்தா, எட்ட எட்ட வீசிட்டுப் போவாவ."

சேற்றில் கால் புதைய அங்கேயே நின்றுவிட்டேன். மரக்கால் நிலத்தின் நீள அகலத்தை அளக்கவே இல்லை. அந்த மண் எவ்வளவு விதையைத் தின்னும் என்பதை அளந்திருக்கிறது. மேட்டில் ஒரு மரக்கால் விதை அகலமாக விரிந்து பெரிய நிலமாயிற்று. பள்ளத்தில் அதே மரக்கால் சுருங்கிச் சின்ன நிலமாயிற்று. என்றோ செத்துப்போன யாரோ ஒரு விவசாயி, மண்ணின் குணத்தையும் நிலத்தின் அளவையும் ஒரே சொல்லில் கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் அதைச் சென்ட் என்று நினைத்து, பள்ளத்தில் பாடுபட்டவர்களுக்கெல்லாம் இல்லாத நிலத்தை எழுதி வைத்து, இவ்வளவு நிலத்தில் இவ்வளவுதான் எடுத்தாயா என்று கேட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தைவிடப் பிரமிப்புதான் பெரிதாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

நிலத்தை அளந்தாயிற்று. மற்றவை? விதையும் உரமும் ஆள் வேலையும் அவரவர் நினைவில்தான் இருந்தன. சாக்கு என்றால் ஒருவர் கழுத்துவரை கட்டுவார், இன்னொருவர் வாய் தைக்க முடியாதபடி திணிப்பார். ஈரத்தோடு நிறுத்தவர்கள் உண்டு, காயப்போட்டு நிறுத்தவர்கள் உண்டு. இவற்றை இனி அளக்க வழியில்லை. மேடம் தானே எல்லா வீட்டுக்கும் போய் அந்த இரண்டு கேள்வியைக் கேட்டார். இசக்கியம்மாள் வீட்டுக்கும் அவரே போனார். நான் அன்று கணினியில் இருந்தேன். ஒவ்வொரு கட்டத்திலும் இப்போது இரண்டு எண்கள், குறைந்தது ஒன்று, கூடியது ஒன்று.

பிறகு மேடம் எனக்குச் சொல்லித் தந்த முறைதான் என்னை அடித்துப் போட்டது. ஒரு விவசாயியை எடுத்துக்கொள். அவருக்குச் சாதகமானதையெல்லாம் உண்மை என்று வை. குறைந்த விதை, குறைந்த உரம், கூடிய நெல். மற்ற இருபத்தைந்து பேருக்கும் பாதகமானதை வை. இப்போது அவர் எங்கே நிற்கிறார்? அது அவருடைய மேல் எல்லை. அடுத்து அப்படியே புரட்டிப் போடு. அவருக்குப் பாதகம், மற்றவர்களுக்குச் சாதகம். அது கீழ் எல்லை. உண்மை எதுவானாலும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்க முடியும். இருபத்தாறு பேருக்கும் இரண்டிரண்டு தடவை போட்டேன். கடைசியில் மூன்று கூட்டமாகப் பிரிந்தார்கள். எப்படிப் பார்த்தாலும் அளவுகோலை எட்டித் தேறியவர்கள் ஆறு பேர். எப்படிப் பார்த்தாலும் தேறாதவர் ஒரே ஒருவர். மீதிப் பத்தொன்பது பேரும், தேறியிருக்கலாம் என்பதற்கு மேல் யாராலும் ஒன்றும் சொல்ல முடியாதவர்கள்.

அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எதெல்லாம் தெரியாது என்பது இவ்வளவு துல்லியமாக ஒரு தாளில் எழுதப்பட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. தெரியாது என்பதற்கும் ஒரு எல்லை உண்டு, அந்த எல்லையை உறுதியாகச் சொல்லலாம் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். கோவிலில்கூட எனக்கு அப்படி ஒரு பணிவு வந்ததில்லை.

"மொதல்ல கொடுத்த பட்டியலை நீதான் திரும்ப வாங்கணும்" என்றார் மேடம். "நான் கடிதம் போட்டா ஃபைலுக்குப் போவும். நீ கொடுத்த தாளு ஊர் வாயில கெடக்கு."

அறக்கட்டளையின் பழைய ஊட்டுப்புரையில் கூட்டம். விசேஷ நாட்களில் சோறு போடும் நீளமான கூடம் அது. இருபத்தாறு பாட்டக்காரர்களும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் மூன்று பேர் தூணோரம். செயலாளரின் மேசையில் என் பழைய தாள், நடுவில் மடித்தது, இருந்தது. கடைசி மூன்று பெயருக்குக் கீழே சிவப்பு மையில் கோடு. மேடம் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டார். நான் எழுந்தேன். மேசையில் இருந்த தாளைக் கை காட்டினேன்.

"இந்தப் பட்டியலைப் போட்டது நான். இது தப்பு. நிலத்தை அளக்காம வாய்பாடு போட்டுட்டேன். இதை நம்பி யாரையும் ஒண்ணும் செய்யக் கூடாது."

கூடத்தில் சலசலப்பு. வைகுண்டமணி எழுந்து, "அப்ப நான் மொதலு இல்லியா?" என்று கேட்டார்.

"உங்க வயல் நீங்க சொன்னதைவிடப் பெருசு, அண்ணாச்சி. அதனால மொதல்ல வந்தீங்க."

"அது எனக்க அப்பன் காலத்துலயே எனக்குச் சம்சயம்" என்றார் அவர், கொஞ்சம்கூடக் கூசாமல். கூடமே சிரித்தது. எனக்கும் மூச்சு வந்தது.

செயலாளர் சிரிக்கவில்லை. "சரி, தப்பைத் திருத்திட்டீங்க. இப்ப அந்த மூணு பேர் யாரு?"

"சொல்ல முடியாது சார்."

"முடியாதா, மாட்டீங்களா?"

"முடியாது. பத்தொன்பது பேரை மேல கீழ அடுக்க இந்தத் தகவல் பத்தாது. அடுக்கினா அது நான் அடுக்கினதா இருக்கும், அவங்க விவசாயமா இருக்காது. உறுதியாச் சொல்லக்கூடியது ஒரே ஒருத்தரைத்தான்."

நான் பெயரைச் சொல்லத் தயங்கினேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த தாணு அண்ணாச்சி கையைத் தூக்கினார். "நாந்தானே? பேரைச் சொல்லும் சாரே, ஒண்ணுமில்ல. முட்டு வலியில வயல்ல எறங்கி ரெண்டு வருசமாச்சு. மவன் கல்ஃபுலேருந்து விடச் சொல்லி எத்தனை நாளா கெடந்து கத்துகான்." அங்கேயே தன் பாட்டத்தை விட்டுக் கொடுத்தார். என் பழைய பட்டியலில் அவருக்குப் பதினான்காம் இடம்.

செயலாளர் என் பழைய தாளைக் கையில் எடுத்தார். பிறகு அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மற்றவர்கள் எல்லோரும் தொடர்ந்து பயிர் செய்யட்டும், அடுத்த முறை கேட்பதாக இருந்தால் முதலில் அளந்துவிட்டுக் கேட்போம் என்றார். அவர் அன்று வேறு மாதிரியும் முடிவெடுத்திருக்கலாம்; அவரைத் தடுக்க எங்களிடம் எந்த அதிகாரமும் இல்லை. அதற்காக அந்த மனிதர் மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

கூட்டம் கலைந்தது. மேடம் ஜீப்பில் கிளம்பினார். நான் பஸ்ஸில் வருகிறேன் என்று நின்றுவிட்டேன். பஸ் நிறுத்தத்தை ஒட்டிய பாலத்துச் சுவரில் இசக்கியம்மாள் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டார். மன்னிப்பு கேட்க வேண்டும் என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"நான் எத்தனாவது சாரே?"

மறைக்க ஒன்றுமில்லை. "மூணாவதுக்கு மேல போகாது. பதினொண்ணாவதுக்குக் கீழ வராது. அதுக்குள்ள எங்கயோ. அதுக்கு மேல எனக்குத் தெரியாது அக்கா."

வருத்தப்படுவார் என்று நினைத்தேன். அவர் எளிதாகத் தலையாட்டினார். "சரியாத்தான் இருக்கு. எனக்க வயலு அப்பிடித்தான். வெள்ளம் நேரத்துக்கு வடிஞ்சா ஒரு மாதிரி, கெட்டி நின்னா ஒரு மாதிரி. ஒரு பூவு போல ஒரு பூவு கெடையாது."

"இது உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

"பன்னெண்டு வருசமா எறங்குகேன். தெரியாதா?"

"பிறகு ஏன் அன்னைக்கு ஒரே எண்ணைச் சொன்னீங்க?"

கோபம் இல்லை, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். "உங்க ஆபீஸ் அம்மை வந்து கூடவும் கேட்டாவ, கொறையவும் கேட்டாவ, ரெண்டும் சொன்னேன். நீங்க எவ்வளவுன்னு கேட்டிய. பேனாவைத் தொறந்து புடிச்சிட்டு வாசல்லயே நின்னிய. ஒண்ணைச் சொன்னாத்தானே நீங்க போவிய."

பதினெட்டு வருடம். எத்தனை வாசல், எத்தனை படிவம். அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே, வெயிலில் நிற்கிற ஆளை அனுப்பிவைக்க ஆளுக்கு ஓர் எண்ணைத் தந்திருக்கிறார்கள். நான் அதையெல்லாம் வாங்கி வந்து, கூட்டிக் கழித்து, அவர்களுக்கு எவ்வளவு தெரியும் என்று அளந்துகொண்டிருந்திருக்கிறேன். என் கண் நிறைந்துவிட்டது. சொல்வதற்கு வெட்கமில்லை.

அந்தச் சுவரில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். முதன்முதலில் அந்த வயலில் இறங்கிய வருடம் எப்படி இருந்தது என்று கேட்டேன். அவர் சொல்லத் தொடங்கினார். வடசேரிக்கு இரண்டு பஸ் வந்து போயிற்று. அவர் இன்னும் மூன்றாவது வருடத்தைத் தாண்டவில்லை.